பழைய கார் காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைப் பாருங்கள்

ஏற்காட்டில் ஒரு டிசம்பர் மாதக் காலை. ஒண்டிக்கடை பக்கம் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி. என்னுடையது 1996 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. சாவியைத் திருப்பினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. மறுபடி திருப்பினேன், அதே ‘டொக்’. வண்டி எடுக்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சேலத்திலிருந்து ஒருவர் பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, பானட்டைத் தூக்கி, பேட்டரி டெர்மினலைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடியது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அரைச் சுற்று முறுக்கினார், வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அவ்வளவு தூரம் வந்ததற்கு அவர் கேட்டது நியாயமான பணம்தான், இருந்தாலும் அரைச் சுற்றுக்கு இவ்வளவா என்று அன்று முழுக்க மனசு ஆறவில்லை. டீ குடிக்கும்போது அவர் ஒன்று சொன்னார்: “செல்ஃப் போச்சு, பேட்டரி போச்சுன்னு வர்ற வண்டியில பாதிக்கு ஒண்ணுமே போயிருக்காதுங்க தம்பி. எங்கியோ ஒரு எடத்துல கரண்டு போகாம நிக்கும், அதைத் தேடணும்.”

அந்த ‘எங்கேயோ ஓரிடத்தை’ எப்படித் தேடுவது என்பதுதான் இங்கே விஷயம். கார்புரேட்டர் 800, ஆம்னி, அம்பாசடர், பத்மினி மாதிரி பழைய வண்டியைப் புதிதாக வாங்கியவர்களை நினைத்து எழுதுகிறேன். பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிக்காரர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

சாமான் அதிகம் வேண்டாம். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் இணைத்த டெஸ்ட் லேம்ப், பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர், கம்பி பிரஷ், கொஞ்சம் உப்புத்தாள், வாசலின். முடிந்தால் தடிமனான ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி. தடிமனான என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலே பிளாஸ்டிக் பருமனாகவும் உள்ளே செம்பு நூல் மாதிரியும் இருக்கும் கேபிள்கள் நிறைய விற்கிறார்கள், அதில் பல்பு எரியும், செல்ஃப் சுற்றாது.

தொடுவதற்கு முன் சில விஷயங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், மலையில் இருந்தால் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கியரில் இருக்கும் வண்டியில் செல்ஃப் அடித்தால் வண்டி எகிறும், முன்னால் நிற்பவர் உங்கள் தம்பியாகக்கூட இருக்கலாம். மோதிரம், கைக் கடிகாரம் இரண்டையும் கழற்றி வையுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பேட்டரியைக் கழற்றினால் முதலில் நெகடிவ், மாட்டும்போது கடைசியில் நெகடிவ். முதலில் பாசிடிவ்வைக் கழற்றப் போய், ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே வெல்டிங் நடக்கும்.

இப்போது கரண்ட் போகும் வழி. இது ஒன்று புரிந்துவிட்டால் மீதி தானாக வரும். பேட்டரியின் பாசிடிவ்விலிருந்து ஒரு தடித்த கேபிள் நேராக செல்ஃப் மோட்டாரின் முதுகில் இருக்கும் சோலினாய்டுக்குப் போகிறது. அதில் எப்போதும் கரண்ட் இருக்கும், சாவி இல்லாவிட்டாலும் இருக்கும். இன்னொன்று மெல்லிய ஒயர். நீங்கள் சாவியைத் திருப்பும்போது இக்னிஷன் சுவிட்ச் வழியாக சோலினாய்டின் சின்ன முனைக்கு வருவது அதுதான். மெல்லிய ஒயரில் கரண்ட் வந்ததும் சோலினாய்டுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு இழுபட்டு, ஒரு பக்கம் பல் சக்கரத்தை எஞ்சினின் ஃபிளைவீல் பல்லோடு சேர்க்கிறது, மறு பக்கம் தடித்த கேபிளின் கரண்டை மோட்டாருக்குள் விடுகிறது. அந்த ‘டொக்’ இதுதான். திரும்பும் வழியை எல்லோரும் மறந்துவிடுவார்கள்: மோட்டாரின் உடம்பிலிருந்து எஞ்சின், எஞ்சினிலிருந்து எர்த் கேபிள், பாடி, அப்புறம் பேட்டரியின் நெகடிவ். போன கரண்ட் திரும்பி வராவிட்டால் போனதாகவே கணக்கில்லை.

முதலில் காது

சாவியைத் திருப்பி என்ன சத்தம் வருகிறது என்று கவனியுங்கள். பதற்றத்தில் பத்து முறை அடிக்காதீர்கள், இருக்கிற சார்ஜும் போய்விடும். டாஷ்போர்டில் விளக்கே வரவில்லை, சத்தமும் இல்லை என்றால் பேட்டரி முழுக்கச் செத்திருக்கிறது, அல்லது டெர்மினல் விட்டிருக்கிறது, அல்லது பேட்டரிக்கு அருகில் இருக்கும் பெரிய பியூஸ் போயிருக்கிறது. ‘டக டக டக டக’ என்று மெஷின் மாதிரி வேகமாக அடித்தால் பேட்டரியில் பலம் போதவில்லை. சோலினாய்டு இழுக்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் போனதும் வோல்டேஜ் விழுகிறது, சோலினாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது, இதுதான் அந்தச் சத்தம். ஒரே ஒரு கனமான ‘டொக்’ வந்து நின்றால் பெரும்பாலும் தடித்த கேபிளின் வழியில் எங்கேயோ தடை, இல்லையென்றால் மோட்டாருக்குள்ளேயே பிரச்சினை. விளக்கெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் ஒரு சத்தமும் இல்லை என்றால் மெல்லிய ஒயரையோ சாவி சுவிட்சையோ சந்தேகப்படுங்கள். ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பென்டிக்ஸ், அதாவது அந்தப் பல் சக்கரம், பிடிக்கவில்லை. அது கழற்றிப் பார்க்கிற வேலை, ரோட்டோரத்தில் ஆகாது. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை. அது வேறு கதை, கீழே வருகிறேன்.

சத்தத்தை வைத்து முடிவு செய்ய முடியவில்லையா, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள், ஒருவரை முன்னால் அல்ல, பக்கவாட்டில் நிற்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சம் மெல்ல மங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் இறுகி அதிகம் இழுக்கிறது. சுவிட்சை அணைத்தது மாதிரி ஒரேயடியாகச் செத்தால் டெர்மினல் தொடுப்பு சரியில்லை. கொஞ்சமும் மங்காமல் அப்படியே இருந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகவே இல்லை. சில வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் தானாக அணையும்படி ஒயரிங் இருக்கும். அப்படியானால் கூரையில் இருக்கும் உள்விளக்கைப் பாருங்கள்.

பேட்டரி

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், எதையும் போடாமல், மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பேட்டரியின் இரண்டு முனையிலும் தொடுங்கள். 12.6, 12.7 என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 வந்துவிட்டால் கால் பங்குதான் மிச்சம், அதற்கும் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு எந்தச் சோதனையும். பாதி சார்ஜ் பேட்டரியை வைத்துக்கொண்டு செல்ஃபைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. இது நிற்கும்போது. அதே மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்: 9.6-க்கு மேலே நின்றால் பிழைக்கும் பேட்டரி, பத்துக்கு மேல் என்றால் நல்லது. 12.6 காட்டிவிட்டு, அடித்ததும் 7, 8 என்று விழுந்தால் சார்ஜ் இருக்கிறது, சக்தி இல்லை. பேட்டரி ஆயுள் முடிந்தது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

மூடி திறக்கிற பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர், அதாவது ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி, இன்னும் நேர்மையாகப் பேசும். ஆறு செல்லிலும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். ஐந்தில் 1.240 காட்டி ஒன்றில் மட்டும் 1.180 காட்டினால் அந்த ஒரு செல் போய்விட்டது, எவ்வளவு சார்ஜ் போட்டாலும் தேறாது. செல்களுக்கிடையே 0.050 வித்தியாசம் வந்தால் பேட்டரிக்கு நாள் எண்ண ஆரம்பிக்கலாம். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், குழாய்த் தண்ணீர் கூடாது, ஆசிட் ஊற்றவே கூடாது.

நம்ம ஊர் சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. பேட்டரி பனியில் சாகிறது என்று ஏற்காட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். உண்மையில் அதைக் கொல்வது சேலத்து வெயில். ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியை ஒட்டி நிற்கும் சூட்டில், எஞ்சின் சூடும் சேர்ந்து, தண்ணீர் ஆவியாகிறது, உள்ளே தகடுகள் அரிக்கின்றன. ஆனால் சூட்டில் எஞ்சின் ஆயில் இளகி இருப்பதால் பாதி செத்த பேட்டரியே வண்டியை எடுத்துவிடும், குறை வெளியே தெரியாது. அதே வண்டியை டிசம்பரில் மேலே கொண்டு போய் ராத்திரி நிறுத்தினால், ஆயில் கெட்டியாகி எஞ்சின் சுற்றக் கனக்கிறது, குளிரில் பேட்டரி தரும் கரண்டும் குறைகிறது, குட்டு உடைந்துவிடுகிறது. ஆகவே மலைக்குப் போகும் முன் சேலத்திலேயே செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட் நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீர் ஊற்றுங்கள், பொங்கி அடங்கும். அந்தத் தண்ணீர் செல்லுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு, பேட்டரி முனையையும் கிளாம்பின் உட்பக்கத்தையும் பளபளவென்று ஈயம் தெரியும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். வெளியே சுத்தமாக இருந்தால் போதாது, தொடுகிற இடம் உள்ளே. இறுக்கிய பிறகு கையால் திருகினால் அசையக் கூடாது. வாசலினை இறுக்கிய பிறகுதான் மேலே பூச வேண்டும். முதலில் பூசிவிட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். கிளாம்ப் பெரிதாகிவிட்டது என்று நடுவில் தகரமோ ஒயரோ சொருகி வைத்திருந்தால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு புது கிளாம்ப் போடுங்கள், அது பெரிய செலவில்லை.

காணாமல் போகும் வோல்ட்டைப் பிடிப்பது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், பார்ட் வாங்கும் காசு மிச்சமாவது இங்கேதான். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு ஹெட்லைட் பல்பு இழுப்பது சுமார் ஐந்து. நூறு ஆம்பியர் போகிற வழியில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒரு முழு வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். 0.01 ஓமை உங்கள் மீட்டரின் ஓம் அளவில் பார்க்கவே முடியாது, கேபிள் நன்றாக இருக்கிறது என்றே அது சத்தியம் செய்யும். ஆகவே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட்டில்தான் அளக்க வேண்டும்.

வண்டி ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலின் (பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்குவது இதுதான்) பாசிடிவ்வில் இருக்கும் மெல்லிய ஒயரைக் கழற்றி, நுனி எதிலும் படாமல் டேப் சுற்றி வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஐந்து விநாடி போதும், நடுவில் அரை நிமிடமாவது ஓய்வு. முதலில் மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிடிவ் முனையிலேயே (கிளாம்பில் அல்ல, நடுவில் இருக்கும் ஈயக் குமிழில்) வையுங்கள், கறுப்பு முனையை சோலினாய்டில் தடித்த கேபிள் மாட்டியிருக்கும் போல்ட்டில் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 0.5-க்குள் இருக்க வேண்டும். அடுத்து கறுப்பு முனை பேட்டரியின் நெகடிவ் குமிழில், சிவப்பு முனை செல்ஃப் மோட்டாரின் இரும்பு உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில். இது 0.3-க்குள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

என் வண்டியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். அந்த அரைச் சுற்று சம்பவத்துக்கு ஒரு வருஷம் கழித்து, செல்ஃப் முனகி முனகிச் சுற்ற ஆரம்பித்தது. கீழே ஒரு கடையில் காட்டினால் பானட்டைக்கூடச் சரியாகத் திறக்காமல் ‘செல்ஃப் மோட்டார் மாத்தணும்’ என்றார்கள். வீட்டுக்கு வந்து அளந்தேன். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 11.2. மோட்டாரின் போல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே 8.9 மட்டும். 2.3 வோல்ட் எங்கே போனது? பாசிடிவ் வழியில் 0.4, அது பரவாயில்லை. நெகடிவ் வழியில் 1.9! அதாவது போகும் வழி சரி, திரும்பி வரும் வழியில் அடைப்பு. கறுப்பு முனையை அப்படியே வைத்துக்கொண்டு சிவப்பை மட்டும் ஒவ்வோர் இடமாக நகர்த்தினேன்: நெகடிவ் கிளாம்பில் 0, கேபிள் பாடியில் சேரும் போல்ட்டில் 0.1, எஞ்சின் பிளாக்கில் 1.8. ஆக பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே. குனிந்து பார்த்தால் பின்னல் மாதிரி இருக்கும் எர்த் பட்டை, கியர்பாக்ஸ் பக்கம் முக்கால்வாசி அறுந்து, மிச்சமும் பச்சை பிடித்து நிற்கிறது. புதிது வாங்கி, இரண்டு முனையிலும் துருவையும் பெயின்டையும் சுரண்டி மாட்டினேன். அந்தப் பழைய மோட்டார்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

எர்த் சரியில்லாத வண்டியில் இன்னொரு அடையாளமும் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிளோ சோக் கேபிளோ சூடாகும், சில சமயம் புகையும் வரும். திரும்ப வழி கிடைக்காத கரண்ட் அந்த இரும்புக் கம்பி வழியாகப் போகிறது. அப்படி இருந்தால் மறுபடி அடிக்காதீர்கள்.

விளக்கு பளிச், சத்தம் இல்லை

இப்போது மெல்லிய ஒயர். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எஞ்சின் இரும்பிலும் மறு முனையை சோலினாய்டின் சின்ன முனையிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பல்பு நன்றாக எரிந்தும் சோலினாய்டு அசையாவிட்டால் கோளாறு சோலினாய்டில். பல்பு எரியாவிட்டால் ஒயர் வழியிலோ இக்னிஷன் சுவிட்சிலோ. சாவியை ஆட்டி ஆட்டித் திருப்பினால் எடுக்கிறது என்றால் சுவிட்சின் உள்தொடுப்பு தேய்ந்துவிட்டது, வேறு ஆராய்ச்சி தேவையில்லை. சின்ன முனையின் கிளிப் துருப்பிடித்து வெறுமனே தொங்கிக்கொண்டிருப்பதும் சகஜம், முதலில் அதைப் பிடுங்கி மாட்டிப் பாருங்கள்.

ஏற்காடு ரோட்டில் அடிக்கடி நடப்பது இது: சேலத்திலிருந்து மதிய வெயிலில் இரண்டாம் கியரிலேயே ஏறி வந்து, வளைவில் படம் எடுக்க நிறுத்துகிறீர்கள், திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது மாதிரி எடுக்கிறது. சாமி குத்தம் இல்லை, சோலினாய்டு சூடேறியிருக்கிறது. செம்புக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும், 75 டிகிரி கூடுதலாகச் சூடானால் தடை 30 சதவீதம் அதிகம். அத்தோடு பழைய சுவிட்சிலும் பழைய ஒயரிலும் ஒன்றிரண்டு வோல்ட் போய்விட்டால் தண்டை இழுக்கச் சக்தி போதாது. இதற்கு நல்ல வைத்தியம் ஒரு ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்து ஒரு தனி ஒயர் ரிலே வழியாக சோலினாய்டின் சின்ன முனைக்கு வரும், சாவி சுவிட்ச் ரிலேவை மட்டும் இயக்கும். எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் அரை மணி நேரத்தில் போட்டுத் தருவார், தேய்ந்த சுவிட்சுக்கும் ஆயுள் கூடும்.

ஸ்க்ரூ டிரைவரை வைத்து சோலினாய்டின் முனைகளைச் சேர்த்து ஸ்டார்ட் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். முப்பது வருஷம் கை பழகியவர்கள் செய்யட்டும். தீப்பொறி பறக்கும், பக்கத்தில் பெட்ரோல் குழாய், வண்டி கியரில் இருந்தால் உங்கள் மேலேயே ஏறும். நான் செய்வதில்லை.

கரண்ட் எல்லாம் ஒழுங்காக வருகிறது, ‘டொக்’ மட்டும் வருகிறது என்றால் மோட்டாருக்குள் கார்பன், அதாவது சுற்றும் பாகமான ஆர்மேச்சரை உரசிக் கரண்ட் கொடுக்கும் கட்டை, தேய்ந்திருக்கலாம். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது மோட்டார் உடம்பை ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டுங்கள், உடனே சுற்றினால் சந்தேகமே இல்லை. தட்டுவதால் கார்பன் ஒரு நிமிடம் தொடுகிறது, அவ்வளவுதான், குணமாகிவிடவில்லை. இறங்கிப் போய்ச் சேர அது போதும். கார்பன், புஷ் மாற்றினாலே பழைய மோட்டார் பல வருஷம் வரும், ஆர்மேச்சர் கருகாத வரை முழு மோட்டார் வாங்கத் தேவையில்லை.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

மூடுபனிக் காலையில் இதுதான் அதிகம். பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுப்பு) வைத்த வண்டியோ எலக்ட்ரானிக்கோ, ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் (பழைய மெக்கானிக்குகள் டெல்கோ என்பார்கள்) அதன் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். பிளக்குக்குப் போக வேண்டிய ஆயிரக்கணக்கான வோல்ட் அந்த ஈரத்தின் மேல் ஊர்ந்து எர்த்தாகிவிடும். மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டி எடுத்து, உள்ளே வெளியே காய்ந்த துணியால் துடையுங்கள், பிளக் ஒயர்களையும் காயிலின் கழுத்தையும் சேர்த்து. ஒயர்களை மூடியிலிருந்து பிடுங்காதீர்கள், வரிசை மாறினால் அன்றைய பொழுது அதற்கே போய்விடும். மூடியின் உட்புறம் பென்சிலால் கோடு கிழித்தது மாதிரி கறுப்புக் கோடு தெரிந்தால் அது தீப்பொறி போன தடம், துடைத்தால் போகாது, மூடியை மாற்றுங்கள்.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால், ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரில் மாட்டி, பிளக்கின் இரும்பு எஞ்சினில் படும்படி படுக்க வையுங்கள், கார்புரேட்டரையும் பிளக் கழற்றிய ஓட்டையையும் விட்டுத் தள்ளி. கையால் பிடிக்காதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது நீலமாகச் ‘சட் சட்’ என்று அடித்தால் இக்னிஷன் சரி, பெட்ரோல் பக்கம் போங்கள். சோம்பலான மஞ்சள் பொறி அல்லது ஒன்றுமே இல்லை என்றால் காயிலின் பாசிடிவ்வில் சாவி ஆன் நிலையில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்பில் பாருங்கள் (முன்னே கழற்றி டேப் சுற்றிய ஒயரை மறுபடி மாட்டினீர்களா? நான் ஒரு தடவை மாட்ட மறந்து ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்). கரண்ட் வருகிறது என்றால் பாயிண்ட். முகம் கருகியிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியை 0.4 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள், உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ளபடி வையுங்கள். பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள்.

மலையில் தள்ளுவதும் கேபிள் போடுவதும்

தள்ளி ஸ்டார்ட் செய்வதென்றால் சாவி ஆன், இரண்டாம் கியர், கிளட்சை மிதித்தபடி வேகம் வந்ததும் விடுங்கள். சாவியை எடுத்துவிட்டுத் தள்ளாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாதபோது பூஸ்டர் உள்ள பிரேக் இரண்டு மிதிக்குப் பிறகு கல்லாக இறுகும். ஆகவே ஏரிப் பக்கம் சமமான ரோட்டில் தள்ளுங்கள், மலைப்பாதை இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வதை நினைக்கவே வேண்டாம், அடுத்த வளைவு உங்களுக்காகக் காத்திருக்காது. பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் எவ்வளவு தள்ளினாலும் எடுக்காது, காயிலுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் ஆரம்பிக்கக் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும்.

ஜம்பர் கேபிளுக்கு வரிசை இருக்கிறது. சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பாசிடிவ்வில், அதன் மறு முனை நல்ல பேட்டரியின் பாசிடிவ்வில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகடிவ்வில், கடைசி முனை உங்கள் வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசித் தொடுப்பில் பொறி வரும், அது பேட்டரி வாயுவின் பக்கத்தில் வரக் கூடாது, அதனால்தான். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். ஐந்து நிமிடம் விட்டுச் செல்ஃப் அடியுங்கள், எடுத்ததும் தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள். வழியில் லாரிக்காரர் உதவ வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள், பெரிய லாரிகளும் பஸ்களும் 24 வோல்ட்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது, நாளைக்கு?

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும், ஹெட்லைட் போட்டாலும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. 12.5-லேயே நின்றால் டைனமோ (நம்ம ஊரில் ஆல்டர்னேட்டருக்கும் அதே பெயர்தான்) சார்ஜ் செய்யவில்லை. முதலில் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள், வழுக்கினால் கீச்சென்று கத்தும். 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றி, அணையவில்லை என்றால் டைனமோ நல்லது என்று சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போக அதுவே போதும், யாரையும் செய்ய விடாதீர்கள்.

சார்ஜ் சரி, ஆனால் நான்கு நாள் நிறுத்தினால் செத்துப்போகிறது என்றால் எங்கேயோ கசிகிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவைச் சாத்தி, நெகடிவ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே வையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் போய்விடும், ஜாக்கிரதை. 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் 0.3 காட்டியது. ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-ஹவர் (Ah), ஐந்தே நாளில் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி காலி. பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், ஒன்றிலும் குறையவில்லை. ஏனென்றால் முன்பு வைத்திருந்தவர் ஸ்டீரியோவை பியூஸ் பெட்டியைத் தாண்டி நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தார். பழைய வண்டி வாங்கினால் பேட்டரி முனையில் கூடுதலாக எத்தனை ஒயர் தொங்குகிறது என்று முதல் நாளே எண்ணிவிடுங்கள். சோதனை முடிந்ததும் மீட்டரின் சிவப்பு ஒயரை வோல்ட் ஓட்டைக்கே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை வோல்ட் பார்க்கப் போய் மீட்டரின் பியூஸ் போகும்.

இவ்வளவுக்கும் அப்புறம் ஆள் கூப்பிட வேண்டி வந்தால், போனில் ‘வண்டி எடுக்கலைங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நிற்கும்போது எத்தனை வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது எத்தனை, பாசிடிவ் வழியில் எவ்வளவு போகிறது, நெகடிவ் வழியில் எவ்வளவு, என்ன சத்தம், இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துப் படித்துச் சொல்லுங்கள். நெகடிவ்வில் 1.9 என்று கேட்டதும் எலக்ட்ரீஷியன் எர்த் கேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறுவார். இல்லையென்றால் அதை வாங்கி வர அவர் மறுபடி இருபது வளைவு இறங்கி ஏற வேண்டும், அந்தப் பெட்ரோலும் உங்கள் கணக்கில்தான்.